ஒரு பக்கம் ஏறிய கிருதா

முடிதிருத்துபவரை அந்தத் தெருவில் எல்லோரும் ஒல்லி என்றே கூப்பிட்டார்கள். இருபது வயதில் ஒட்டிக்கொண்ட பெயர். இப்போது ஐம்பதை நெருங்கிவிட்டார். காலையில் கடைக்குள் முதலில் போய் விளக்கைப் போடுவது அவருடைய வயிறுதான் என்று மச்சினன் கேலி செய்வான். உடம்பு எவ்வளவு பெருத்தும் பெயர் மட்டும் இளைத்தே இருந்தது.

வயிற்றோடு அவர் சமாதானமாகிவிட்டார். தன் நெற்றி உச்சந்தலையை நோக்கி நடப்பதைக்கூடப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒத்துவராதது வலது தோள் மட்டும்தான். முதலில் சட்டையைப் பின்பக்கம் செருகும்போது சுருக்கென்று ஒரு வலி. அப்புறம் முதுகைச் சொறிய எட்டவில்லை. குளிர்காலம் முடிவதற்குள், தோள் உயரத்துக்கு வந்த கை துருப்பிடித்த கீல் போல அங்கேயே நின்றுவிட்டது.

அது கத்தரிக்கோல் பிடிக்கும் கை. டாக்டரிடம் போனால் தொழிலை விடச் சொல்லிவிடுவார் என்று அவருக்கு உள்ளூர உதறல். அதனால் யாரிடமும் மூச்சு விடவில்லை. மாதம் ஒருமுறை ஞாயிற்றுக்கிழமை மனைவிக்கு அவர்தான் முடி வெட்டிவிடுவார். அதையும் கத்தரியைச் சாணை பிடிக்க வேண்டும் என்று தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தார்.

கடையில் வேறு வழி கண்டுபிடித்தார். நாற்காலியை அடிமட்டம் வரை இறக்கினார். கை எட்டாதபோது உடம்பை இடப்பக்கம் சாய்த்துக்கொண்டார். வாடிக்கையாளர்களின் முழங்கால் மோவாயைத் தொட்டது.

"என்னப்பா ஒல்லி, தரையிலயே உக்கார வெச்சு வெட்டுற?" என்றார் பேக்கரிக்காரர்.

"புது முறைங்க. தலைக்கு ரத்தம் நல்லா ஓடும்."

"ரத்தம் ஓடுது சரி. எந்திரிக்கும்போது யாரு தூக்கி விடுறது?"

கடையே சிரித்தது. ஒல்லியும் சிரித்தார். சாய்ந்தபடியே.

மனைவி அதே தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தாள். செய்தித்தாளைக் கை நீளத்துக்கு நீட்டிப் பிடித்துப் படிக்கும் வயதுக்காரர்கள் எல்லோரும் அவளிடம்தான் போனார்கள். கண்ணாடியை முகத்தில் மாட்டி, காதோரக் கம்பியைச் சூடாக்கி வளைத்து மட்டமாக உட்காரவைப்பதில் அவள் கெட்டிக்காரி. ஒருநாள் சாயங்காலம் வேலையிலிருந்து வந்தவள், செருப்பைக்கூடக் கழற்றாமல் சமையலறை நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

"எனக்குக் கண்ணு போச்சுங்க."

ஒல்லி கழுவிக்கொண்டிருந்த தட்டை வைத்தார். "என்ன உளர்ற?"

"நான் மாட்டி விடுற கண்ணாடியெல்லாம் கோணலா இருக்காம். ஒவ்வொருத்தரா திரும்பி வர்றாங்க. பேக்கரிக்காரர் வந்து, இதப் போட்டா என் ரொட்டியெல்லாம் சரியிற மாதிரி இருக்குங்கிறாரு. முதலாளி என்னை ஒரு மாதிரி பாக்குறாரு. நாளைலேர்ந்து அந்த வேலைய வேற ஆள்கிட்ட குடுக்கப்போறாராம்."

"எந்தப் பக்கம் கோணல்?"

"வலப்பக்கம் தூக்கிட்டு நிக்குது. ஆனா எனக்குப் பாத்தா மட்டமாத்தாங்க தெரியுது."

"மட்டம்னு எத வெச்சுப் பாப்ப?"

"ரெண்டு பக்கக் கிருதாவும்தான். வேற எத வெச்சுப் பாக்குறது?"

ஒல்லி சொம்புத் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தார். பேக்கரிக்காரர், தபால்காரர், மச்சினன் என்று அவர் கைபட்ட தலைகள் வரிசையாகக் கண்முன் வந்தன. தலை சாய்ந்தால் கண்ணும் சாயும். சாய்ந்த கண்ணுக்கு மட்டமாகத் தெரிந்த கிருதா, நிமிர்ந்து பார்த்தால் வலப்பக்கம் ஏறித்தான் இருந்திருக்கும். அந்த ஏறிய கிருதாவை நம்பி அவள் கண்ணாடியை வளைத்திருக்கிறாள்.

பேசாமல் இருந்துவிடலாம். இருந்தால் கடை இன்னும் கொஞ்சநாள் பிழைக்கும். ஆனால் எதிரே உட்கார்ந்திருந்தவள் ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தாள். பிறகு மறு கண்ணைப் பொத்திக்கொண்டு பார்த்தாள்.

"உன் கண்ணு நல்லாத்தான் இருக்கு. இங்க பாரு" என்று வலது கையைத் தூக்கினார். கை பாதியில் நின்றது. இன்னும் தூக்கப் பார்த்தபோது உடம்பு தானாக இடப்பக்கம் சாய்ந்தது, தலையும் கூடவே.

அவள் வாயைப் பிளந்தாள். அப்புறம் சிரிக்கத் தொடங்கியவள், கண்ணில் நீர் வரும்வரை நிறுத்தவில்லை.

"அடப் பாவி மனுஷா! ஊர்ல பாதி ஆம்பளைங்கள ரெண்டு பேருமா சேர்ந்து கோணலாக்கி வெச்சிருக்கோமே!"

சிரிப்பு அடங்கியதும் திட்டு ஆரம்பமானது. அது டாக்டர் வீட்டு வாசல் வரை ஓயவில்லை.

டாக்டரம்மாவுக்கும் இவர்கள் வயதுதான். கையை மெல்லத் தூக்கிப் பார்த்தார், ரத்தம் எடுக்கச் சொன்னார். முடிவு வந்ததும் சீட்டைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "தோள் இறுகிப்போயிருக்கு. இந்த வயசுல வர்றதுதான், சக்கரை இருந்தா கூடுதலா வரும். உங்களுக்கு இருக்கு. ரொம்ப தாகம் எடுக்குமே, கவனிக்கலையா?"

"வெயில்னு நினைச்சேன்."

"குளிர்காலத்துலயா?" என்றாள் மனைவி.

"தொழில விடணுமா டாக்டர்?"

"எதுக்கு? டீல போடுற சக்கரைய விடுங்க. மாத்திரைய விடாதீங்க, நடங்க. தோள் சரியாக மாசக்கணக்காகும், பொறுமை வேணும். தினம் சுவத்துல விரலால ஏறுங்க, பல்லி மாதிரி."

அப்படியே ஏறினார். கடைச் சுவரில் அவர் விரல்கள் ஊர்வதைக் காத்திருப்பவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். "இன்னும் கொஞ்சம், அந்த ஆணி வரைக்கும்!" என்று மச்சினன் உசுப்பேற்றினான். கிருதா மட்டும் அளவுகோல் வைத்தே வெட்டப்பட்டது. பேக்கரிக்காரருக்கு இரண்டு பக்கமும் சமமாக்கி, ஓசியில் சவரமும் செய்துவிட்டார். கண்ணாடிக் கடை முதலாளி கதையைக் கேட்டு வயிறு குலுங்கச் சிரித்துவிட்டு, வேலையை அவளிடமே விட்டார்; தன் கிருதாவையும் தடவிப் பார்த்துக்கொண்டார்.

மழைக்காலம் தொடங்கியபோது விரல்கள் ஆணியைத் தாண்டின. அந்த ஞாயிற்றுக்கிழமை மனைவியைக் குட்டையான முக்காலியில் உட்காரவைத்து, துண்டைப் போர்த்தி, முடியை ஈரமாக்கினார். சாயாமல் நின்று வெட்டினார். வலித்தது, ஆனால் கை போனது. கழுத்தோரம் நரைத்த முடிக்கற்றைகள் மெத்தென்று தரையில் விழுந்தன. அவள் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

வெட்டி முடித்து முகம் பார்க்கும் கண்ணாடியை நீட்டினார். அவள் தன் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, முகத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள்.

"வலப்பக்கம் துளி ஏறியிருக்குங்க."

"நீ உன் கண்ணாடிய வளைச்சுக்க" என்றார் ஒல்லி.

அவள் துண்டைச் சுருட்டி வீசினாள். அவர் அதை வலது கையாலேயே, தலைக்கு மேலே பிடித்தார்.