போன மாசத் தேதி

யாராவது இந்த லேப்டாப்பைத் திருடிக்கொண்டு போனால்கூட நன்றாகத்தான் இருக்கும். முதுநகர் பஸ் ஷெட்டில், டிரைவர் சீட்டுக்குப் பின்னால் குந்தியபடி வெண்மதி நினைத்துக்கொண்டாள். மடியிலிருந்து ஒரு ஒயர், ஊர்ப் பெயர் காட்டும் போர்டின் பெட்டிக்குப் போயிருந்தது. போன வாரம்தான் எல்லா வண்டிகளுக்கும் புது சாஃப்ட்வேர் ஏற்றினாள். இப்போது அதைத் திருத்தி மறுபடி ஏற்றுகிறாள். கழுத்து வலி தோள்வரை இறங்கியிருந்தது.

போர்டு செய்யும் கடையின் மேஜையில் சோதித்தபோது எல்லாம் சரியாகத்தான் இருந்தது. மேஜையிலிருந்து யாரும் டீ குடிக்க இறங்கிப் போகவில்லை. இங்கே டிரைவர்கள் ஸ்டாண்டில் இறங்கும்போது, பேட்டரி வீணாகக் கூடாதென்று மெயின் சுவிட்சையே அணைத்துவிடுவார்கள். மறுபடி போட்டால் முன்பெல்லாம் கடைசியாக வைத்த ஊரே வரும். புதியதில், பட்டியலின் முதல் ஊர் வந்து நின்றது. சிதம்பரத்தில் கடலூர் வண்டி 'விருத்தாசலம்' என்று காட்டிக்கொண்டு நின்றது அப்படித்தான். விருத்தாசலத்தில் வேலைக்கான பரீட்சை எழுதப் புறப்பட்ட மூன்று பெண்கள் ஓடிவந்து ஏறினார்கள். போர்டு வந்தபிறகு ஊர்ப் பெயரைக் கத்தக் கூடாதென்று கம்பெனி உத்தரவு. புவனகிரி வரைக்கும் இரண்டு ஊருக்கும் ஒரே வழி. கண்டக்டர் செந்தமிழ்செல்வன் கூட்டத்தில் டிக்கெட் போட்டுக்கொண்டே அவர்களிடம் வந்தபோது, வண்டி கடலூர் ரோட்டில் வெகுதூரம் வந்திருந்தது. பரீட்சை போயிற்று. போர்டில் ஊரைத் தப்பாக வைத்தான் என்று கண்டக்டர்மேல் விசாரணை; அது முடியும்வரை அவனுக்கு டியூட்டி இல்லை.

காலையில் ஷெட் வாசலில் நின்றிருந்தான். "நான் கடலூருதாங்க்கா வச்சேன்" என்றான். அவள் தலையை மட்டும் ஆட்டிவிட்டு உள்ளே வந்துவிட்டாள். அந்தத் தலையாட்டலுக்கு என்ன அர்த்தம் என்று அவளுக்கே தெரியவில்லை.

தட்சிணாமூர்த்தி படியேறி வந்தார். போர்டுக் கடை முதலாளி. அவள் கணவனின் தாய்மாமன்.

"முடிஞ்சிதாம்மா?"

"இன்னும் நாலு வண்டி இருக்கு மாமா."

"போர்ட எப்படி வைக்கணும்னு கண்டக்டருக்குக் குடுக்கற புக்கையும் மாத்திடு. சுவிட்ச் ஆஃப் பண்ணா திரும்ப ஊரு வைக்கணும்னு ஒரு வரி. போன மாசத் தேதி போட்டுடு."

"போன மாசம் அந்த வரி இல்லியே."

"எவன் படிச்சான்? டீ கிளாச மூடத்தான வச்சிருக்கானுவ!" சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

"அந்தத் தம்பிக்கு வேல போயிடும் மாமா."

"அவன் வேற கம்பெனில ஏறிக்குவான். இந்த ஆர்டர் போச்சின்னா நீயும் நானும் எதுல ஏர்றது? உம் புருசன் ஒர்க்‌ஷாப்ப மூடிட்டு நின்னப்ப இந்த வேலய யாரு குடுத்தா?"

அவர் சொன்னதில் பொய் இல்லை. அதுதான் அவளை இன்னும் களைப்பாக்கியது. கோபம் வந்தால் நன்றாயிருக்கும் என்று தேடிப் பார்த்தாள், அதற்குக்கூடத் தெம்பில்லை. ஒயரைக் கழற்றி மெதுவாகச் சுருட்டினாள்.

"இன்னைக்குத் தேதியில எழுதறேன். போர்டு தப்பா காட்டுச்சி, இப்ப சரி பண்ணியாச்சின்னு."

"நான் சொன்னது?"

"அத எழுத மாட்டேன் மாமா."

குரல் உயரவில்லை. அடுத்த வண்டிக்குப் போக எழுந்தாள். ஒருவர் இறங்கும் அகலம்தான் படி. அவர் அதிலேயே நின்றார். சுருட்டிய ஒயரைக் கையில் பிடித்தபடி, அவர் நகரட்டும் என்று அவளும் நின்றாள்.