மிளகாய்க்கு முறைமாப்பிள்ளை

1

இந்தக் கதை நான் யோசித்ததல்ல. இரத்தோட்டை பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவர் சொன்னது. பாதியில் இறங்கிவிட்டார். மீதியை இந்த வாடகை அறையில் உட்கார்ந்து நானே கட்டுகிறேன். வாசித்துக் காட்ட இங்கே எனக்கு ஆளில்லை. உங்களிடம்தான் கேட்க வேண்டும்.

முதல் வரி: 1962ஆம் ஆண்டு, மாத்தளை மண்ணில் விஞ்ஞானம்

வேண்டாம். நீங்களும் இறங்கிவிடுவீர்கள்.

2

பாப்பம்மா எல்கடுவைத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தவள். ஆறு வருடமாக ஒரு மிளகாய் ஆராய்ச்சித் தோட்டத்தில் நாள்கூலி. ஒரு பூவின் மகரந்தத்தைத் தூரிகையால் தொட்டு இன்னொரு பூவில் தடவி, காகிதப் பை கட்டி, சீட்டு மாட்டுவது வேலை. அவளுக்குப் புரியட்டுமென்று ஆராய்ச்சி ஐயா அப்துல் ஸமத், "இதுவும் ஒரு கல்யாணந்தான், பாப்பம்மா" என்று சொல்லிவைத்தார்.

(அதைச் சொல்லாமல் இருந்திருந்தால் எனக்குக் கதையே இல்லை.)

3

பெரிய காயாகக் காய்க்கும் குணம் மாறாமல் நிலைக்க வேண்டும். அதற்காக நாலாம் நிரையை நாலாம் நிரைக்குள்ளேயே சேர்க்கச் சொன்னார் ஐயா. எல்லாம் ஒரே காயின் விதையில் முளைத்த செடிகள். பாப்பம்மாவுக்குக் கை வரவில்லை. [இல்லை, கூசியது.] கூடப்பிறந்ததுகளுக்குள் சம்பந்தமா?

ஒன்பதாம் நிரையைப் பார்த்தாள். நாலின் தாய்ச்செடியும் ஒன்பதின் தகப்பன்செடியும் ஒரே காயில் பிறந்தவை. விதை எடுத்தவளே அவள்தான். அப்படியென்றால் மாமன் மகன். முறை சரி.

பக்கத்தில் களை பிடுங்கிய ராசம்மா, "சாதகம் பாத்தியாடி?" என்று சீண்டினாள்.

"ரெண்டும் ஒரே நாள்ல வெதச்சது. ஒரே நட்சத்திரம். அதுதான் கொஞ்சம் யோசனையா இருக்கு."

ஆடி பிறக்குமுன் நாலுக்கும் ஒன்பதுக்கும் எல்லாவற்றையும் முடித்தாள். சீட்டில் மட்டும் நாலுக்கு நாலு.

4

அடுத்த பருவம் காய்த்த காய் முருங்கைக்காய் நீளம். [நம்பமாட்டீர்கள். ஒரு சாண்.] தூய வம்சம் கிடைத்தது என்று ஐயா மேலிடத்துக்கு எழுதினார். பாப்பம்மாவை நிரந்தரமாக்கச் சொல்லியும் எழுதினார். அந்தக் காய்களின் விதையைப் பையில் போட்டு விவசாயிகளுக்குக் கொடுக்கும் நாளும் வந்தது.

கலந்த செடியின் பிள்ளைகள் ஒன்றுபோல் வராது. ஒன்று நெட்டை, ஒன்று குட்டை, ஒன்று காய்க்கவே காய்க்காது. ஆறு வருடத்தில் பாப்பம்மா கண்ணால் கண்டது அது.

5

முடிவு அ: ஐயாவிடம் சொல்லிவிடுகிறாள். ஐயாவின் மனைவி ஹமீமாவும் மாமா மகள்தான். ஆகவே அவருக்குத் திட்ட வாய் வராமல்

அடித்துவிட்டேன். நிச்சயம் திட்டுவார். அவளும் கொழுந்துக்கூடைக்கே திரும்புவாள்.

முடிவு ஆ: வாயைத் திறக்கவில்லை. கலேவெலயில் ஒரு வயல் முழுக்க

இதையும் அடித்துவிட்டேன். அந்த வயலுக்கு ஆள் இருக்கிறார்: ரவூப் நானா, ஊருக்கெல்லாம் அண்ணன். நெல்லை விட்டுவிட்டு இரண்டு ஏக்கரையும் மிளகாய்க்கென்றே உழுது போட்டுவிட்டு வந்திருக்கிறார். விதைப்பையை நீட்டிய பாப்பம்மாவிடம்தான் கேட்டார், ஐயாவிடம் இல்லை.

"ஐயா படிச்சவரு. நீ கையால செஞ்சவ. சொல்லு தங்கச்சி, புள்ளைங்க எல்லாம் தாய் மாதிரியே வருமா?"

பையின் ஒரு முனை இன்னும் அவள் பிடியில் இருந்தது.

"நானா, அதுங்க..."

அவள் வேலையும் அவர் வயலும் அடுத்த சொல்லில் இருக்கின்றன. அதை எழுத எனக்குத் தைரியம் இல்லை. ஐயா பக்கத்தில் சிரித்தபடி நிற்கிறார். நானா பையை மெல்ல இழுக்கிறார். சொல்லுங்கள், அவள் விடட்டுமா?