நீல முடிச்சுக் குடம்

"யம்மா, தண்ணி கெட்டுப்போனா மீனு வேற எடம் போயிடும். நாம எங்க போவோம்?"

எட்டாம் வகுப்பு படிக்கும் தனக்கோடி சோற்றைப் பிசைந்தபடி கேட்டாள். தாய் கோவிந்தம்மா அவள் தட்டில் இன்னொரு கரண்டி குழம்பை ஊற்றினாள். புருஷனைக் கடல் கொண்டுபோன பிறகு அவளுக்கு அந்த ஓடைதான் கதி. இடுப்பளவு தண்ணீரில் உட்கார்ந்து, பிடித்ததைப் போடும் ஓலைப்பறியின் கயிற்றைப் பல்லில் கடித்துக்கொண்டு, சேற்றைக் கையால் துழாவி, குப்பத்தார் எறா என்னும் இறாலைப் பிடிப்பாள்.

எண்பத்து மூன்றாம் வருஷம் ஓடையின் மேற்புறத்தில் தோல் பதனிடும் கொட்டகை ஒன்று வந்தது. அதன் கழிவு ஓடையில் கலந்தது. அறிவியல் வாத்தியார் இனாயத்துல்லா வாரம் ஒருநாள் பிள்ளைகளை ஓடைக்கு அழைத்துப்போனார். ஏரித் தண்ணீர் ஒரு ஜாடியில், ஓடைத் தண்ணீர் ஒரு ஜாடியில். இரண்டிலும் மடவை மீன் குஞ்சுகளை விட்டுப் பார்ப்பார்கள். ஏரி ஜாடியில் குஞ்சுகள் நீந்தும். ஓடை ஜாடியில், பள்ளி விடும் முன்பே வயிறு மேலே தெரிய மிதக்கும்.

செய்தி குப்பத்துக்கு எட்டியதும் தலைவர் எல்லப்பன் கோயில் முன்னால் ஊரைக் கூட்டினார். பிள்ளைகள் வாயைத் திறந்தால் மீஞ்சூர் வியாபாரி நம் எறாவைத் தொடமாட்டான், அடுப்பு எரியாது என்றார். அவர் சொன்னதில் பொய் இல்லை. மீறுகிற வீட்டோடு ஊருக்குப் பேச்சு கிடையாது, அவர்களுக்கு நல்ல தண்ணீர்க் கிணறும் கிடையாது என்று முடிவானது.

ஓடைத் தண்ணீரைப் பற்றி விசாரிக்கப் பள்ளிக்கு ஓர் அதிகாரி வரப்போகிறார் என்றதும், என்ன சொல்லட்டும் என்று தனக்கோடி தாயைக் கேட்டாள். கோவிந்தம்மா பறியின் கிழிசலை முடைந்தபடியே சொன்னாள்.

"நீயா போயி சொல்லாத. கேட்டா, பொய் சொல்லாத."

அதிகாரி கேட்டார். மற்றப் பிள்ளைகள் தலைகுனிந்தார்கள். தனக்கோடி ஜாடியைக் காட்டினாள். அவர் ஒரு புட்டியில் தண்ணீர் எடுத்துக்கொண்டு ஜீப்பில் ஏறினார். பிறகு அவரும் வரவில்லை, பதிலும் வரவில்லை. ஊரின் தண்டனை அன்று மாலையே வந்தது.

குற்றம் தன்னுடையது என்று வாத்தியார் வந்து மன்றாடிப் பார்த்தார்.

"உங்க மேல கோவம் இல்ல சார்," என்றார் எல்லப்பன். "நீங்க மாத்தல் வாங்கிகினு போயிடுவீங்க. நாங்க எங்க போறது?"

கிணற்றடியில் கோவிந்தம்மாவின் கையிலிருந்து கயிற்றைப் பிடுங்கினார்கள். ஓடையில் பெண்கள் தள்ளி உட்கார்ந்தார்கள். "ஜாடியில எறா புடிச்சிக்கோடி, படிச்ச பொண்ணப் பெத்தவளே," என்று ஒருத்தி சிரித்தாள்.

மறுநாள் கோவிந்தம்மா ஓடையிலிருந்து திரும்பியபோது, வீட்டின் பின்வேலியருகே ஒரு மண்குடம் நிறைய நல்ல தண்ணீர் இருந்தது. குடத்தின் கழுத்தில் நீல நைலான் நூல் முடிச்சிட்டிருந்தது. குப்பத்தில் நீல நைலான் வலை தலைவர் வீட்டில் மட்டும்தான் உண்டு. தலைவரின் மனைவி குப்பம்மா கிணற்றடியில் முகத்தைத் திருப்பிக்கொண்டவள்தான். கோவிந்தம்மா மகளிடம்கூடச் சொல்லவில்லை. அந்தக் கை நன்றாயிருக்கவேண்டும் என்று கங்கையம்மனை வேண்டிக்கொண்டு குடித்தாள். வெறும் குடத்தை அதே இடத்தில் வைத்தாள். அது தினமும் நிறைந்தது.

மழைக்காலத்துக்கு முன்னால் ஓடையே உண்மையைச் சொல்லிவிட்டது. கரை நெடுகச் செத்த மீன். வியாபாரியின் வண்டி நின்றது. மறைக்க ஏதுமில்லாமல் போனதால் ஊர்விலக்கும் தானாகத் தளர்ந்தது. யாரும் வருத்தம் தெரிவிக்கவில்லை. கடைசியாக வந்த குடம் கோவிந்தம்மாவின் வீட்டிலேயே தங்கிவிட்டது.

ஆண்கள் கூலிக்குப் போனார்கள். எல்லப்பனும் மெட்ராஸில் மூட்டை தூக்கப் போனார். அதுவரை ஓடையில் இறங்கியறியாத குப்பம்மா, குழம்புக்காவது நாலு எறா கிடைக்காதா என்று இறங்கினாள். தண்ணீர் அவள் கைகளைத் தின்றது. விரலிடுக்கெல்லாம் புண், வாளிக்கயிற்றைத் தொட முடியவில்லை. தொற்றிக்கொள்ளும் என்று பயந்து யாரும் அண்டவில்லை. தலைவர் வீட்டுக்காரி, யாரிடமும் கேட்கவும் மாட்டாள்.

ஒரு நண்பகலில் பெண்களெல்லாம் முகத்துவாரத்துப் பக்கம் போயிருந்தார்கள். தனக்கோடி பள்ளியில் இருந்தாள். கோவிந்தம்மா வெடித்த கைகளால் தண்ணீர் இறைத்து, அந்த நீல முடிச்சுக் குடத்தை நிரப்பினாள். தலைவர் வீட்டைச் சுற்றிப்போய், பின்வாசல் நிழலில் இறக்கினாள். உள்ளே குப்பம்மா முனகுவது கேட்டது. கோவிந்தம்மா கூப்பிடவில்லை. குப்பம்மாவின் புண்பட்ட கையால் குடத்தைச் சாய்க்க முடியாதே என்று, நீளக் காம்பு வைத்த கொட்டாங்கச்சி அகப்பை ஒன்றையும் கொண்டுவந்திருந்தாள். அதைக் குடத்தின் மேல் வைத்துவிட்டு, சத்தமில்லாமல் வந்த வழியே திரும்பினாள்.