சங்கு ஊதாத காலை

ஊரில் அவளைச் சங்கக்கா என்றுதான் எல்லாரும் கூப்பிட்டார்கள். அணைக்கு ஆபத்து என்றால் கீழூரில் அபாயச் சங்கை ஊதுவது அவள் வேலை. எந்தத் தெரு எந்த வழியாக மேட்டுப் பள்ளிக்கூடத்துக்கு ஏற வேண்டும் என்று ஒத்திகை நடத்துவதும் அவள்தான். "இன்னிக்கு யாருக்குச் சங்கு?" என்று கடைத்தெருவில் கேலி செய்வார்கள். "சிரிக்கிறவங்களுக்குத்தான் முதல்ல" என்று அவளும் திருப்பிக் கொடுப்பாள்.

கடைசி ஒத்திகையோடு அந்தக் கேலி நின்றுபோனது. பள்ளிக்கூடத்துக்கு ஏறும் கல்படிகளில் தள்ளுமுள்ளு. சங்கக்காவின் கொழுந்தன் மனைவி, நிறைமாதத்தை நெருங்கிக்கொண்டிருந்தவள், உருண்டு விழுந்தாள். குழந்தை தங்கவில்லை.

கொழுந்தன் கறிக்கடைக்காரன். மனைவியை ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு, கடப்பாரையோடு நேராகச் சங்கு அறைக்கு வந்தான்.

"வராத வெள்ளத்துக்கு என் புள்ளையைக் காவு கொடுத்துட்டியே அண்ணி!"

சுவிட்ச் பெட்டி நொறுங்கியது. மோட்டார் பிளந்தது. தடுக்கப் போனவளின் இடது முன்கையில் அடுத்த அடி விழுந்தது. எலும்பு முறிந்த சத்தம் இரண்டு பேருக்கும் கேட்டது. அவன் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டான். அவள் போலீசுக்குப் போகவில்லை. ஏற்கெனவே பிள்ளையை இழந்த வீட்டில் புருஷனையும் பிடித்துக்கொண்டு போகவைக்க அவளுக்கு மனசு வரவில்லை.

புதுச் சங்கு வருவதற்குள் மழை வந்துவிட்டது. அணை நிரம்பிய ஒரு காலையில் இன்ஜினியர் போனில் கத்தினார்.

"கரைக்கு அடியில கசிவும்மா. தெளிஞ்ச தண்ணி இல்ல, சேறா வருது. உள்ளுக்குள்ள மண்ணு கரையுது. நிக்காது! ஊரைக் கிளப்புங்க!"

கையில் கட்டோடு அவள் கடைத்தெருவுக்கு ஓடினாள். எல்லார் போனுக்கும் எச்சரிக்கை வந்திருந்தது. ஒருவரும் அசையவில்லை.

"போன தடவை ஒரு உசுரு போச்சு. இந்தத் தடவை யாரைம்மா கேக்குற?" என்றார் தையல்காரர், மிஷினை மிதித்தபடியே. அடுத்த வீட்டுக்காரி கதவை அவள் முகத்திலேயே அறைந்து சாத்தினாள். மூக்கிலிருந்து ரத்தம் வழிய, அவள் கறிக்கடைக்குள் நுழைந்தாள்.

"அணை போகுது. நீ சொன்னாதான் பயப்படுவாங்க. வா."

அவன் வெட்டுக்கத்தியைக் கட்டையில் ஓங்கிக் கொத்தினான். "வெளிய போ அண்ணி. இன்னொரு கையும் போயிடும்."

"உடை. உடைச்சுட்டு வா."

உள்ளறையிலிருந்து அவன் மனைவி வந்தாள். செருப்பை மாட்டிக்கொண்டாள். "அன்னிக்கு விழுந்தவ நான். நானே அந்தப் படியில ஏறப்போறேன். நீ ஏன் மரமாட்டம் நிக்கிற?"

அவன் அவளையே பார்த்தான். பிறகு கடப்பாரையை எடுத்தான்.

கெஞ்ச அவனுக்குத் தெரியாது. பூட்டுகளைப் பெயர்த்தான். கட்டிலோடு ஒருவனைக் கவிழ்த்து, முடியைப் பிடித்துத் தெருவுக்கு இழுத்துவந்தான். சங்கக்கா ஒற்றைக் கையால் ஜன்னல்களில் கல்லெறிந்தாள். வழிமறித்தவனின் மணிக்கட்டைக் கடித்தாள். தையல்காரர் கத்தரிக்கோலைக் கறிக்கடைக்காரனின் தோளில் குத்தினார். அவன் அதைப் பிடுங்கி எறிந்து, அவர் வாயில் ஒரு குத்து விட்டு, மூட்டையைப்போல் தூக்கிப் படியில் போட்டான். அவருடைய மகளுக்காகத் திரும்ப ஓடினான். தண்ணீருக்குப் பயந்து ஏறியவர்கள் கொஞ்சம், அவனுக்குப் பயந்து ஏறியவர்கள் நிறைய.

அப்போது மேற்கே மலை இடிந்ததுபோல் ஒரு சத்தம் கேட்டது.

பழுப்புச் சுவராக வந்தது வெள்ளம். ஒரு பஸ்ஸை உருட்டிக்கொண்டு வந்து கடைத்தெருவின் மேல் மோதியது. கதவு திறக்காத வீடுகள் கதவோடு போயின. உள்ளேயிருந்து வந்த அலறல்கள் பாதியில் அறுந்தன.

கறிக்கடைக்காரன் தையல்காரரின் மகளை மேல்படிக்குத் தள்ளிவிட்டான். மிதந்துவந்த உத்தரம் ஒன்று அவன் இடுப்பில் மோதியது. தலை மூழ்கியது.

சங்கக்கா படியில் குப்புறப் படுத்து அவன் சட்டைக் காலரைப் பிடித்தாள். ஓரகத்தி அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். மேலே வந்தவன் கிடைத்ததைப் பற்றினான். கிடைத்தது கட்டுப்போட்ட கை. சேர்ந்துவந்த எலும்பு மறுபடி விலகியது. விட்டுவிட ஒரு கணம் போதும். விட்டுவிட வேண்டும் என்றுகூடத் தோன்றியது. அவள் அலறினாள், ஆனால் விடவில்லை. தையல்காரர் ஓடிவந்து அவன் கக்கத்தில் கைகொடுத்து இழுத்தார்.

பள்ளிக்கூட வாசலில் அவனைக் கிடத்தியதும் தையல்காரர் ரத்தத்தைத் துப்பினார். "ரெண்டு பல்லு போச்சுடா பாவி!" என்று பளாரென்று ஓர் அறை விட்டார். பிறகு பக்கத்திலேயே உட்கார்ந்து, தன் துண்டைக் கிழித்து அவன் தோளில் கட்டினார்.

"அண்ணி..." என்றான் அவன், அவள் கையைப் பார்த்து.

"அதைப் பேசாத. இப்போ பேசாத. உங்க தெருவுல யார் யார் ஏறல? அதைச் சொல்லு."

முனை வீட்டிலிருந்து தொடங்கினான். நாலைந்து வீடு தாண்டியதும் தண்ணீரின் பக்கம் திரும்பிக்கொண்டான். மிச்ச வீடுகளை அவன் மனைவி சொன்னாள்.