ஆரம்பசூரரின் ஜப்பானியம்

என் வீட்டுக்காரருக்கு உறவு வட்டத்தில் ஆரம்பசூரர் என்று பெயர். கிடாரில் மூன்றாவது கம்பி வரைக்கும் கற்றவர். நீச்சலில் துண்டு வாங்கும் கட்டம் வரைக்கும் போனவர். அப்பேர்ப்பட்டவர் ஜப்பானிய மொழியில் கைவைத்தபோது எனக்குக் கவலை பிடித்துக்கொண்டது, ஏனென்றால் அது நான் படித்துக்கொண்டிருந்த மொழி.

நான் ஆஸ்பத்திரியில் வார்டு உதவியாளர். எழுந்திருக்க முடியாதவர்களைப் புரட்டிப் படுக்கவைப்பது, துடைத்துவிடுவது, ஊட்டுவது என் வேலை. ஜப்பானில் முதியோர் இல்லங்களுக்கு ஆள் எடுக்கிறார்கள், அடிப்படைச் சொற்களும் கொஞ்சம் எழுத்தும் தெரிந்தால் போதும், மீதியை அங்கே சொல்லித்தருவார்கள் என்று ஏஜென்ட் சொன்னதும் மாலை வகுப்பில் சேர்ந்தேன். எனக்குப் போக வேண்டும். அவ்வளவுதான். யாரையும் கேட்காமல் நான் ஆசைப்பட்டது அது ஒன்றுதான்.

"துணைக்கு வரேன்" என்று அவரும் வந்து உட்கார்ந்தார். வேலையை விட்டுவிட்டு அடுத்தது என்ன என்று அவர் யோசித்துக்கொண்டிருந்த நேரம் அது. யோசனைக்கு அப்போது இரண்டாம் வருஷம்.

பிறகுதான் ஏஜென்ட் குண்டைத் தூக்கிப் போட்டார். புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரும் தேர்வுக்கு வரலாமாம், ஆனால் ஒரு குடும்பத்திலிருந்து ஒருவரைத்தான் எடுப்பார்களாம்.

"அப்ப நான்தான் போகணும். பொம்பள தனியா அவ்வளவு தூரம் போனா நாலு பேரு என்ன சொல்லுவாங்க?" என்றார் இவர்.

அந்த நாலு பேரை நான் இன்றுவரை பார்த்ததில்லை. இரண்டு பேரும் பாஸானால் அவர் போவது, அவர் பெயிலானால் மட்டும் நான் போவது என்று முடிவாயிற்று. முடிவெடுத்த கமிட்டியில் மொத்தம் ஒரே ஆள்.

உடனே வீடு பள்ளிக்கூடமானது. அட்டைகளை வெட்டி, செல்போனைப் பார்த்து ஒவ்வொன்றிலும் ஓர் எழுத்தை வரைந்து, அந்தந்தப் பொருளில் ஒட்டினார். தண்ணீர் கேனில் 'மிஸு', உப்பு ஜாடியில் 'ஷியோ', மருந்து அலமாரியில் 'குஸுரி'. எழுத்துதான் இருக்கும், உச்சரிப்பை மனப்பாடமாகச் சொல்ல வேண்டும். பொழுது விடிந்தால் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, எங்கள் பாப்பா பின்னாலேயே வர, ஆய்வுக்கு வந்த அதிகாரி மாதிரி வீட்டைச் சுற்றி வந்து சொல்லுவார். பொருளைப் பார்ப்பார், வார்த்தை வந்துவிடும். அட்டையை அவர் பார்த்து நான் பார்த்ததில்லை.

படிப்பு குறைவு என்றாலும் தத்துவத்துக்குப் பஞ்சமில்லை.

"புருஷனுக்கு அவங்க 'தலைவன்', 'மனுஷன்'னு ரெண்டு எழுத்துப் போடுறாங்க. பெண்டாட்டிக்கு 'வீடு', 'உள்ளே'. என்ன ஞானம் பாத்தியா?"

"நம்மாளுங்களும் இல்லாள்னு சொல்லிட்டுத்தான் போயிருக்காங்க. இந்த ஞானத்துக்கு எதுக்கு இவ்வளவு டியூஷன் பீஸு?"

தப்பாகச் சொல்லி மாட்டிக்கொண்டால் தப்பிக்கவும் ஒரு வழி வைத்திருந்தார். ஜப்பானில் ஓர் எழுத்துக்குப் பெரும்பாலும் இரண்டு உச்சரிப்பு உண்டு. ஒன்று அவர்கள் சொந்த வார்த்தை, இன்னொன்று சீனாவிலிருந்து எழுத்தோடு கூட வந்தது. தண்ணீர் தனியாக நின்றால் 'மிஸு', வேறு எழுத்தோடு சேர்ந்தால் 'ஸுய்'. வகுப்பில் முதல் வாரம் சொன்னது இது. இவர் அதை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். எதை உளறினாலும், "அது இன்னொரு உச்சரிப்பு" என்பார்.

தேர்வு நெருங்கும்போது வீட்டுக்கு வெள்ளையடித்தார்கள். சுண்ணாம்பு படாமல் அட்டைகளை உரித்து வைத்தவரும், சுவர் காய்ந்த பிறகு திருப்பி ஒட்டியவரும் என் மாமனார். அவர் ஒரு கம்பெனிக் கிடங்கில் ஸ்டோர்கீப்பராக இருந்து ரிட்டையர் ஆனவர். அவர் கை பட்டால் எதுவும் ஒழுங்காகத்தான் இருக்கும். நான் நைட் டியூட்டி முடிந்து காலையில் வந்து பார்த்தால், செருப்பு ஸ்டாண்டில் 'கண்ணாடி' என்று இருக்கிறது. தண்ணீர் கேனில் 'மருந்து'. உப்பு ஜாடியில் 'செருப்பு'. மருந்து அலமாரியில் 'தண்ணீர்'. ஜன்னல் மட்டும் எப்படியோ பிழைத்துச் சொந்தப் பெயரோடு நின்றது.

"மாமா, எல்லாம் இடம் மாறியிருக்கே?"

"எதும்மா மாறியிருக்கு? எழுத்துல நிறைய கோடு இருக்கிறது கீழ, கம்மியா இருக்கிறது மேல. கனமான சரக்கை என்னைக்கும் கீழதான் வைக்கணும்."

கிடங்கு சட்டத்தை யாரால் மறுக்க முடியும்? நேரே இவரிடம் போனேன். அன்றும் சுற்றுப்பயணம் தொடங்கியிருந்தது. கேனைக் காட்டி "மிஸு" என்றார், அலமாரியைக் காட்டி "குஸுரி" என்றார். குரலில் ஒரு பிசிறு இல்லை.

"அட்டையப் பாருங்க. கேன்ல இருக்கிறது மருந்து. தண்ணி மேல அலமாரியில இருக்கு. மாமா மாத்தி ஒட்டிட்டாரு."

ஒரு நிமிஷம் அட்டையை உற்றுப் பார்த்தார். அப்போதுதான் முதல் தடவையாகப் பார்க்கிறார் என்று எனக்குப் பட்டது.

"இதுக்கு இன்னொரு உச்சரிப்பு இருக்கும். நீ இப்பதான ஆரம்பிச்சிருக்க, போகப் போகப் புரியும். இனிமே நான் எழுத்தையும் கவனிச்சுப் படிக்கப்போறேன்."

சொன்னபடியே செய்தார். அதுதான் வேடிக்கை. வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு விஷயத்தை இறுதி வரைக்கும் கருத்தாகப் படித்தார், அத்தனையும் தப்பாக. நான் ஒரு தடவை சொல்லியாயிற்று. இரண்டாம் தடவை சொல்ல எனக்கென்ன வேண்டுதலா?

தேர்வு அறையில் ஒரு கட்டில் போட்டிருந்தார்கள். ஜப்பானிலிருந்து வந்த அம்மாள் ஒருவர் நோயாளி மாதிரி அதில் படுத்திருந்தார். பக்கத்து மேஜையில் சாமான்கள். அந்த அம்மாள் வாயைத் திறக்க மாட்டார், அட்டையைத் தூக்கிக் காட்டுவார். நாம் சொல்லைச் சொல்லி, பொருளை எடுத்துக் கொடுக்க வேண்டும். அடுத்த ஆளாக நான் சுவரோரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன்.

முதல் அட்டை தண்ணீர். இவர் தயங்கவே இல்லை. "குஸுரி!" என்று முழங்கி மாத்திரைப் பட்டையை நீட்டினார். அடுத்தது மருந்து. "மிஸு!" என்று டம்ளரில் தண்ணீர் கொடுத்தார். அந்த அம்மாள் முகத்தில் ஒன்றும் காட்டிக்கொள்ளவில்லை, பாவம், மரியாதை தெரிந்த மனுஷி. மூன்றாவதாகச் செருப்பு கேட்டார். காலடியில் உப்பு டப்பாவை வைத்தார் இவர். கடைசியாகக் கண்ணாடி. வயதான பெண்மணி முகம் பார்க்கக் கண்ணாடி கேட்கிறார், என் புருஷன் ஒரு ஜோடி செருப்பை எடுத்து, குனிந்து, இரண்டு கையாலும் பணிவாக நீட்டுகிறார். எனக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. அந்த அம்மாளும் குனிந்து வணங்கிச் செருப்பை வாங்கிக்கொண்டார்.

அடுத்து நான் போனேன். தண்ணீர் அட்டை வந்ததும் டம்ளரை எடுத்தேன், ஆனால் கையில் கொடுக்கவில்லை. தலையணையை ஏற்றி, கழுத்துக்குக் கை கொடுத்துத் தூக்கிப் பிடித்துத்தான் புகட்டினேன். வார்டில் படுத்திருப்பவர்களுக்கு அப்படித்தான் கொடுப்போம், வேறு மாதிரி எனக்கு வராது. 'மிஸு' என்று சொன்னது அதற்குப் பிறகுதான் ஞாபகம் வந்து.

மறுநாள் ஏஜென்ட் வீட்டுக்கே காகிதத்தோடு வந்தார். "ரெண்டு பேர்ல ஒருத்தர் செலக்ட் ஆயிருக்கீங்க" என்றதும் இவர் எழுந்து சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். ஏஜென்ட் காகிதத்தை என் பக்கம் தள்ளினார்.

இவர் மெதுவாக உட்கார்ந்தார்.

"இந்தத் தடவை வேணாம்னு சொல்லிடு. அடுத்த தடவை நான் பாஸ் பண்ணிடுவேன். நீ போயிட்டா பாப்பாவ யாரு பாத்துக்கிறது?"

"அவ அப்பா."

"விளையாடாத. முன்னப்பின்ன தெரியாத கிழவன் கிழவிக்கெல்லாம் கூப்பிட்ட குரலுக்கு ஓடி ஓடி எடுத்துக் குடுக்கப்போறியா? உனக்கு எதுக்கு இந்தத் தலையெழுத்து?"

"இங்கயும் அதத்தாங்க பண்றேன். அங்க அதுக்குச் சம்பளம் குடுக்கிறாங்க, லீவும் குடுக்கிறாங்க."

ஏஜென்ட் அவசரமாகச் சுவரைப் பார்த்தார். மாமனார் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, மூடியைக் கழற்றி, என்னிடம் கொடுத்தார்.

"என்னைக்கும்மா கிளம்பணும்?" என்று கேட்டார்.