முயலுக்கு வந்த காசிமிரோ முகம்

குளிர் மலைநகரமான பூனோவில் எங்கள் சுகாதார நிலையத்துச் செவிலி தொமித்திலாவுக்குக் கார்ட்டூன் வரைவதில் கொள்ளை ஆசை. ஊசிக்குப் பயந்து அழும் குழந்தைகளுக்காகத் தனக்குப் பிடித்த டிவி முயலைச் சுவரில் வரைந்தாள். எத்தனை முறை திருத்தினாலும் அது இறைச்சிக்கடை காசிமிரோவின் சாயலில்தான் வந்தது.

கேள்விப்பட்ட காசிமிரோ, ரத்தக்கறை படிந்த மேலங்கியோடு வந்து நின்றார்.

"ஏம்மா, கறி வாங்க வர்றவங்கல்லாம் கேரட் இருக்கான்னு கேக்குறாங்க. இப்பவே அழி."

"முயலைத்தான் அண்ணே வரைஞ்சேன். உங்க பல்லு தானா வந்துடுச்சு."

அழுதுகொண்டிருந்த நான்கு வயது நய்ரா அவரைப் பார்த்ததும் வாயை மூடினாள். சுவரைப் பார்த்துவிட்டு மறுபடி அவரைப் பார்த்தாள்.

"முயல் மாமா, உன் காது எங்க?"

காசிமிரோ தயங்கினார். பிறகு தன் கம்பளித் தொப்பியில் தொங்கிய இரண்டு காதுமறைப்புகளையும் மேலே தூக்கிப் பிடித்து ஆட்டினார். அவள் சிரித்துக்கொண்டிருக்கும்போதே ஊசி போட்டாகிவிட்டது. ஆண்டவர் அன்று அந்தத் தொப்பிக்குள் இருந்தார் என்றே நான் நம்புகிறேன்.

தொமித்திலா சுவரைத் துடைக்க ஈரத்துணியை எடுத்தாள்.

"இருக்கட்டும், விடு" என்றார் காசிமிரோ. "பல்லை மட்டும் கொஞ்சம் சின்னதாக்கு. அடுத்த ஊசி என்னைக்கு?"