மீட்டிங் முடியட்டும்

வெண்மதியின் கம்பெனி சென்னையில் இருக்கிறது. அவள் வேலை பார்ப்பது நெய்வேலி குவார்ட்டர்ஸின் பின்னறையில். காலையில் டீமில் எல்லோரும் கம்ப்யூட்டரில் கூடுவார்கள். நேற்று என்ன செய்தேன், இன்று என்ன செய்யப் போகிறேன், எதிலாவது மாட்டிக்கொண்டு நிற்கிறேனா, இவ்வளவுதான் ஆளுக்கு ஆள் சொல்ல வேண்டும். நின்றபடியே கால் மணி நேரத்தில் முடிக்க வேண்டும் என்றுதான் அதற்கு ஸ்டாண்டப் என்று பெயர் வைத்தார்கள். வைத்த புண்ணியவான் இந்த டீம் லீடு சுதாகரைப் பார்த்ததில்லை போலும். அவன் நாற்காலியில் சாய்ந்துகொண்டு ஆரம்பித்தால் பாதிப்பேர் கேமராவை அணைத்துவிட்டு வேறு வேலையைப் பார்ப்பார்கள்.

அப்பா ராயப்பனுக்கு இதெல்லாம் தெரியாது. ஆயுசில் பாதியை மைன்ஸில் கன்வேயர் பெல்ட்டோடு கழித்த மனுஷன். அங்கே ஷிஃப்ட் தொடங்குமுன் எல்லோரையும் நிற்கவைத்துப் பேசுவார்கள். எந்த பெல்ட் ஓடுகிறது, எங்கே ஆள் இறங்கியிருக்கிறான் என்பதெல்லாம் அப்போதுதான் சொல்வார்கள். அதில் ஒரு வார்த்தை காதில் விழாமல் போனால் எவனுக்காவது கை போய்விடும். நடுவில் ஒருத்தனும் வாய் திறக்கமாட்டான். மகளுக்கும் நின்றுகொண்டு பேசுகிற மீட்டிங் உண்டு என்று கேள்விப்பட்ட நாளிலிருந்து, அவள் கதவைச் சாத்தினால் அவர் டிவிகூடப் போடுவதில்லை. 'அய்யோ அப்பா, சும்மா பேசிகினு இருப்போம்' என்று ஒரு நாளாவது அவள் சொல்லியிருக்கலாம். அந்த மரியாதை அவளுக்குப் பிடித்திருந்தது. சொல்லவில்லை.

அன்று அம்மா கனகம் சேத்தியாத்தோப்பில் தங்கை வீட்டுக்குப் போயிருந்தாள். அப்பாவுக்கு மத்தியானம் தொடங்கும் செகண்ட் ஷிஃப்ட், அதனால் வீட்டில் இருந்தார். மீட்டிங்கில் வெண்மதி தன் பங்கைச் சொல்லி முடித்தாள். அடுத்து வேணு. திரையில் ஒரு பட்டனை வலது பக்கம் வைப்பதா இடது பக்கம் வைப்பதா என்று கேட்டான். அதை அவனும் சுதாகரும் தனியாகப் பேசித் தொலைத்திருக்கலாம். "இப்பவே முடிச்சிடலாம்" என்றான் சுதாகர். அவ்வளவுதான், முக்கால் மணி நேரம் போயிற்று. மற்றவர்கள் கிளம்பலாமா என்று கேட்க ஒருத்தருக்கும் துணிச்சல் வரவில்லை, வெண்மதிக்கும்தான்.

அவள் கதவைத் திறந்தபோது அப்பா வெளியே சுவரோரம் தரையில் உட்கார்ந்திருந்தார். பனியன் வேர்வையில் தொப்பலாக நனைந்திருந்தது.

"முடிஞ்சிதாம்மா?"

"என்னப்பா ஆச்சு?"

"நெஞ்ச அடைக்குது. நீ உள்ள போனதுமே புடிச்சிகிச்சி."

"கதவத் தட்டக் கூடாதா? ஒரு குரல் குடுக்கக் கூடாதாப்பா?"

"மீட்டிங்ல இருந்தியே. முடியட்டும்னு..."

ஆட்டோ ஆஸ்பத்திரி வாசலில் நின்றபோது அவர் தலை அவள் தோளில் கிடந்தது. உயிர் இல்லை.

சேத்தியாத்தோப்பிலிருந்து ஓடிவந்து விழுந்து அழுத அம்மா, தொண்டை கட்டிப்போன பிறகு கேட்டாள். "அவ்ளோ நேரம் அப்பிடி இன்னாடி பேசினீங்க?"

உள்ளதைச் சொல்ல வாயெடுத்தாள் வெண்மதி. அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் முடியவில்லை.

"முக்கியமான விஷயம்மா. நடுவுல எழுந்துக்க முடியாது."

"அதானே. இல்லாட்டி அந்த மனுஷன் காத்துகினு இருப்பாரா?"

துக்கம் கேட்க வந்த ஒவ்வொருவரிடமும் அம்மா அதையே சொன்னாள், கொஞ்சம் பெருமையாகக்கூட. பக்கத்தில் உட்கார்ந்திருந்த வெண்மதி ஒவ்வொரு முறையும் ஆமாம் என்று தலையாட்டினாள்.